பள்ளியின் வாயிலைத் திறப்பவர் யார்?

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் புறப்படும் பெற்றோர் எவற்றையெல்லாம் விசாரிக்கின்றனர்! கட்டடம் எப்படி, கட்டணம் எவ்வளவு, வண்டி வீட்டு வாசலுக்கு வருமா, பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் தேறினர் என்றெல்லாம் வினவுகின்றனர். "தலைமையாசிரியர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்போர் மிகச் சிலரே. ஆயினும், மற்றெல்லா வினாக்களுக்கும் முந்தியது இந்த வினாவேயாகும். அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி என்பர் நம் முன்னோர். நாட்டுக்குச் சொன்ன இம்மொழி பள்ளிக்கூடத்திற்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. தலைமையாசிரியர் தம் ஆசிரியர்களை எவ்வாறு நடத்துகின்றாரோ, அவ்வாறே ஆசிரியர்கள் பெற்றோரை நடத்துகின்றனர். பெற்றோர் பள்ளியை அணுகுவதும் அஞ்சி விலகுவதும் அதைப் பொறுத்தே அமைகின்றன. இவ்வுண்மையைத் தாம்பரத்தையும் அதனைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகர்களையும் முன்வைத்து இங்குச் சிந்திப்போம்.

மாறிவிட்ட புறநகர்

1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. அன்று தாம்பரம் வயலும் ஏரியும் சூழ்ந்த சிற்றூர். இன்றோ, தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகி, 2021 முதல் தாம்பரம் ஒரு மாநகராட்சியாக விளங்குகிறது. இரயில்வே ஊழியர், விமானப்படைக் குடும்பத்தினர், ஓய்வு பெற்ற அலுவலர், மென்பொருள் நிறுவனப் பணியாளர், வடமாநிலங்களிலிருந்து கட்டட வேலைக்கு வந்தோர் எனப் பல திறத்தாரும் இங்கு அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றனர்.

தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் அமைக்கப்பட்ட ஏற்றுமதி வளாகத்தில் பெண்கள் பெருந்தொகையினராய் உழைக்கின்றனர். அவர்களுள் பலருக்கு நேரம் மாறி மாறி வரும் ஷிப்ட் வேலை. கிழக்கே சென்றால் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுப் பகுதிகள் உள்ளன. சென்னை நகரின் ஆற்றோரங்களிலும் கடலோரங்களிலும் வாழ்ந்த எளிய மக்கள் 2000-ஆம் ஆண்டு முதல் படிப்படியாக இங்குக் குடியேற்றப்பட்டனர். இவர்களுள் எத்தனையோ தாய்மார்கள் விடியற்காலையில் பேருந்து ஏறி, நகரத்து வீடுகளில் வேலை செய்துவிட்டு மாலையில் திரும்புகின்றனர்.

இத்தகைய ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். வாரநாளில் காலை பதினொரு மணிக்குப் பெற்றோர் கூட்டம் என்று பள்ளியிலிருந்து சீட்டு வருகிறது. போனால் அன்றைய கூலி போகும். போகாவிட்டால், "பிள்ளைமேல் அக்கறையில்லாதவள்" என்ற பெயர் வரும். கூலியை இழந்து அவள் செல்கின்றாள். அங்கே அவள் கேட்பது என்ன? மகன் கணக்கில் எத்தனை மதிப்பெண் குறைந்தான் என்பதை எல்லார் முன்னிலையிலும் கேட்கின்றாள். அடுத்த கூட்டத்திற்கு அவள் வருவாளா? வரமாட்டாள். அவள் வராததைச் சுட்டி, "இந்தப் பகுதிப் பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியாது" என்று பள்ளி முடிவு கட்டுகிறது. கூட்டத்தின் நேரத்தை யார் குறித்தார்? பேச்சின் முறையை யார் வகுத்தார்? அங்கேதான் தலைமையின் பொறுப்பு தொடங்குகிறது.

ஏட்டளவில் ஒரு குழு

சட்டத்தில் குறைவொன்றும் இல்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், அரசு உதவி பெறாத பள்ளிகள் தவிர மற்றப் பள்ளிதோறும் மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்றும், அதில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தீட்டுவதும், மானியம் செலவாகும் முறையைக் கண்காணிப்பதும் அக்குழுவின் கடமைகள். பெற்றோரைத் தவறாது சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பது ஆசிரியரின் கடமையென்றும் அச்சட்டமே கூறுகிறது.

தமிழகத்தில் 2022-இல் அரசுப் பள்ளிகளின் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 20 உறுப்பினருள் 15 பேர் பெற்றோர். தலைவியாகப் பெற்றோருள் ஒரு பெண். அவ்வாண்டு மார்ச் 20-ஆம் நாள் மாநிலமெங்கும் அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடைபெற்றது. அந்நாள் ஞாயிற்றுக்கிழமை என்பதை நாம் கவனிக்க வேண்டும். கூலி வேலை செய்வோரும் வரத்தக்க நாளைத் தேர்ந்ததிலேயே ஒரு நல்லறிவு இருந்தது.

ஆனால், குழு அமைந்துவிட்டால் போதுமா? 2003-இல் நம் நாட்டின் 20 மாநிலங்களில் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்தனர். நால்வரில் ஓர் ஆசிரியர் அன்று பள்ளியில் இல்லை. ஏறத்தாழப் பாதிப்பேரே பாடம் நடத்திக்கொண்டிருந்தனர். அந்த ஆய்வு கண்ட இரு செய்திகள் நம் சிந்தனைக்குரியவை. பெற்றோர் ஆசிரியர் கழகம் இருந்த பள்ளிகளில் ஆசிரியர் வருகை அதனால் கூடியதாகத் தெரியவில்லை என்பது ஒன்று. மற்ற ஆசிரியரைவிடத் தலைமையாசிரியரே மிகுதியாக வராதிருந்தனர் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்குத் தோன்றுவது இதுவே: தலைவரே இல்லாத இடத்தில் கழகம் மட்டும் இருந்து என்ன செய்ய இயலும்?

மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளை மதிப்பிட்டு, பள்ளிக்கொரு முன்னேற்றத் திட்டம் தீட்டச் செய்த முயற்சி ஒன்றும் ஆராயப்பட்டது. மதிப்பீடுகள் முடிந்தன, திட்டங்கள் எழுதப்பட்டன. எனினும், பள்ளி நடந்த முறையிலும் பிள்ளைகள் கற்ற அளவிலும் மாற்றம் காணப்படவில்லை. மாறாக, இந்தியா உட்பட எட்டு நாடுகளில் 1,800-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வு, நன்கு நிருவகிக்கப்படும் பள்ளிகளில் மாணவர் தேர்ச்சியும் சிறந்திருப்பதைக் கண்டது. அந்த நிருவாகச் சிறப்புக்குத் தலைமையாசிரியரின் தலைமைப் பண்பும் பொறுப்புணர்வும் பெரிதும் காரணம் என்றும் கூறியது. ஆக, குழுவும் திட்டமும் வேண்டியவையே. அவற்றுக்கு உயிர் கொடுப்பவர் ஒருவரும் வேண்டும்.

ஆசிரியரை ஊக்குவிக்கும் தலைமை

இன்றைய தலைமையாசிரியரின் மேசையைப் பாருங்கள். வருகைப் பதிவு, உதவித்தொகை விவரம், இலவசப் பொருள் கணக்கு, எமிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள், மேலலுவலகத்தின் சுற்றறிக்கைகள் என்று அவருடைய நாள் முழுவதும் அங்கேயே கழிந்துவிடுகிறது. வகுப்பறைப் பக்கம் செல்ல அவருக்கு நேரமில்லை என்பதில் பொய்யில்லை. ஆயினும், வகுப்பறைக்குச் செல்லாத தலைமையாசிரியர் தம் ஆசிரியர்களை எவ்வாறு அறிவார்? பாடக்குறிப்பில் கையொப்பமிடுவதால் மட்டும் அறிய இயலாது.

நல்ல தலைமையாசிரியர் நாளுக்கு ஒரு வகுப்பிலேனும் கடைசி வரிசையில் அமர்ந்து பாடத்தைக் கேட்கின்றார். வகுப்பு முடிந்ததும் நிறையை முதலிலும் குறையைப் பின்னரும் தனியே எடுத்துரைக்கின்றார். ஒன்றாம் வகுப்பில் எழுத்தறிவிக்கத் தெரிந்த ஆசிரியையின் முறையை மற்றவர் பார்த்துக் கற்க வழி செய்கின்றார். நோயுற்ற தாயைக் கவனிக்கும் ஆசிரியருக்கு முதல் பாடவேளையை மாற்றிக் கொடுக்கின்றார். அதே வேளையில், காரணமின்றித் தாமதிப்பவரைக் கண்டிக்கவும் தவறுவதில்லை. தாம் மணியடிக்குமுன் வந்து வாயிலில் நிற்பவராதலின், அவருடைய கண்டிப்புக்கு மதிப்பு இருக்கின்றது.

இவ்வாறு மதிக்கப்படும் ஆசிரியர் பெற்றோருக்கு அஞ்சுவதில்லை. தம் வேலையில் நம்பிக்கை உள்ளவரே தம் வேலையைப் பிறர் பார்க்கவும் கேட்கவும் இடங்கொடுப்பர். நாள்தோறும் குறை கேட்டு மனம் சுருங்கிய ஆசிரியரோ, பெற்றோரைக் காணும்போது அவரையும் ஒரு மேலதிகாரியாகவே எண்ணிக் கதவை மூடிக்கொள்வார். அல்லது தாம் பெற்ற கடுஞ்சொல்லை அவரிடம் இறக்கி வைப்பார்.

இருவருக்கும் நடுவே

தலைமையின் தரம் வெளிப்படும் நேரம் ஒன்று உண்டு. பெற்றோர் ஒருவர் ஆசிரியர்மீது குறை சொல்லிக்கொண்டு அலுவலக அறைக்குள் நுழையும் நேரமே அது. அப்போது இரு தவறுகள் நேர்வதை நாம் காண்கின்றோம்.

முதலாவது, ஆசிரியரை உடனே வரவழைத்து, பெற்றோர் முன்னிலையிலேயே கடிந்துகொள்வது. பெற்றோரின் சினம் தணியும். ஆசிரியரின் மனம் உடையும். அன்றுமுதல் அவர் அப்பிள்ளையின்பால் பட்டும்படாமலும் இருந்துவிடுவார். பிள்ளையின் நோட்டில் தவறு கண்டாலும், "நமக்கேன் வம்பு" என்று கடந்து செல்வார். இழப்பு யாருக்கு? பிள்ளைக்கே.

இரண்டாவது, எதையும் கேளாமல், "எங்கள் ஆசிரியர் அப்படிச் செய்திருக்கமாட்டார்" என்று பெற்றோரைத் திருப்பியனுப்புவது. இதில் ஆசிரியரின் மானம் காக்கப்பட்டதாகத் தோன்றும். ஆனால், அப்பெற்றோர் இனி எதையும் சொல்லமாட்டார். பிள்ளை அடிபட்டாலும், படிக்கத் தெரியாமல் வகுப்பு வகுப்பாக ஏறினாலும் பள்ளிக்குச் செய்தி வராது. பிள்ளையைப் பாதுகாக்கும் முதற்கண் அவ்வாறு மூடப்படுகிறது.

நடுநிலை தவறாத தலைமையாசிரியர் பெற்றோரை அமரச் செய்து முழுவதும் கேட்கின்றார். எந்நாளில் பதில் கூறுவார் என்பதைச் சொல்லி அனுப்புகின்றார். ஆசிரியரிடம் தனியே விசாரிக்கின்றார். பின்னர் இருவரையும் ஒருங்கே அழைத்து, பிள்ளைக்கு அடுத்துச் செய்யவேண்டியது என்ன என்பதைப் பற்றியே பேசுகின்றார். குழந்தையின் உடலுக்கோ மானத்திற்கோ தீங்கு நேர்ந்ததாகக் குறை வந்தால், பள்ளியின் பெயரைக் காப்பதற்காக அதை அவர் மறைப்பதில்லை. சட்டம் சொல்லும் வழியில் உடனே நடவடிக்கை எடுக்கின்றார். இதற்குத் துணிவு வேண்டும். பள்ளியின் நற்பெயரைவிடப் பிள்ளை பெரிது என்று உணர்ந்தவருக்கே அத்துணிவு வரும்.

நூறு விழுக்காட்டின் விலை

பெற்றோரின் பங்கு இல்லாத பள்ளியில் என்ன நேரும் என்பதற்கு மேலும் ஓர் எடுத்துக்காட்டு. பொதுத் தேர்வு முடிவுகளில் மாணவர்களைத் தரவரிசைப்படுத்தி அறிவிக்கும் வழக்கத்தை 2017-இல் தமிழக அரசு கைவிட்டது. எனினும், "நூறு விழுக்காடு தேர்ச்சி" என்னும் விளம்பரத் தட்டிகளின்மீது பள்ளிகளுக்குள்ள மோகம் குறையவில்லை. எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கலாகாது என்று கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அக்காப்பு இல்லை. ஆகவே, பின்தங்கிய மாணவனின் பெற்றோரை அழைத்து, "டி.சி. வாங்கிக்கொண்டு வேறிடம் பாருங்கள்" என்று கூறும் பள்ளிகள் நம்மிடையே இல்லாமலில்லை.

இங்குப் பலியாகின்றவர் யார்? கேள்வி கேட்கத் தெரிந்த பெற்றோரின் பிள்ளை அல்ல. கையெழுத்திடச் சொன்ன இடத்தில் கையெழுத்திடும் பெற்றோரின் பிள்ளையே. எட்டு ஆண்டுகள் ஒரு பள்ளியில் படித்தும் ஒரு மாணவன் பின்தங்கியிருக்கின்றான் என்றால், அக்குறை அவனுடையது மட்டுமா? ஆறாம் வகுப்பிலேயே பெற்றோரை அழைத்துப் பேசி, மாலையில் அரைமணி நேரம் கூடுதலாகக் கற்பித்திருந்தால் அந்த நிலை வந்திருக்குமா? தலைமையாசிரியர் தேர்ச்சி விழுக்காட்டை மட்டுமே ஆசிரியரிடம் கேட்டால், ஆசிரியர் விழுக்காட்டைக் குறைக்கும் பிள்ளையைச் சுமையாகவே காண்பார். "இந்தப் பிள்ளை சென்ற மாதத்தைவிட எவ்வளவு முன்னேறினான்?" என்று கேட்டால், அதே ஆசிரியர் அதே பிள்ளையை வேறு கண்கொண்டு பார்ப்பார்.

முன்னோர் காட்டிய வழி

எளிய மக்களைப் பள்ளியோடு இணைக்க இயலுமா என்று ஐயுறுவோருக்கு வரலாறு விடையளிக்கிறது. காஞ்சிபுரம் அருகே நெய்யாடுபாக்கத்தில் பிறந்த நெ. து. சுந்தரவடிவேலு 1954-இல் சென்னை மாநிலப் பொதுக் கல்வி இயக்குநரானார். முதலமைச்சர் காமராசரின் ஆதரவோடு அவர் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தின் முதல் மாநாடு, 1958-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் நடைபெற்றது. தாம்பரமும் அன்று அதே மாவட்டத்தைச் சேர்ந்ததே. ஊரார் தத்தம் பள்ளிக்கு வேண்டியவற்றைப் பட்டியலிட்டு, தாங்களே பொறுப்பேற்றனர். நிலம் தந்தவர் சிலர். கட்டடம் தந்தவர் சிலர். பெஞ்சும் கரும்பலகையும் சீருடையும் தந்தவர் பலர். எழுதப் படிக்கத் தெரியாத ஊர்மக்கள் அவ்வாறு முன்வந்ததேன்? கல்வித்துறையின் தலைமகன் அவர்களைத் தேடிச் சென்று, "இது உங்கள் பள்ளி" என்று மதிப்புடன் கேட்டார் என்பதே காரணம்.

மற்றொரு சான்று சென்னை கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்தது. அக்கல்லூரி 1937-இல் தாம்பரத்திற்கு இடம் பெயர்ந்தது. அதன் பள்ளி நகரிலேயே நிலைத்து, 1950-இல் சேத்துப்பட்டுக்கு மாறியது. அப்பள்ளியின் தலைமையாசிரியராகக் குருவிலா ஜேக்கப் 1931 முதல் 1962 வரை, அதாவது 31 ஆண்டுகள், பணியாற்றினார். ஒரே தலைமையின்கீழ் ஒரு தலைமுறை ஆசிரியர்கள் உழைத்தனர். தந்தையை அறிந்தவரே மகனையும் அறியும் அளவுக்கு அக்காலம் நீண்டது. அவர் பெயர் சென்னைக் கல்வியுலகில் இன்றும் மதிப்புடன் பேசப்படுகிறது.

இன்றைய நிலை என்ன? அரசுப் பள்ளிகளில் பணிமூப்பு அடிப்படையில் தலைமைப் பதவி வருவதால், பலருக்கு ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளே எஞ்சியிருக்கும். துறவறச் சபைகள் நடத்தும் பள்ளிகளிலோ, ஆசிரியரையும் ஊரையும் அறிந்துகொள்ளும் வேளையில் மாற்றல் ஆணை வந்துவிடுகிறது. 31 ஆண்டுகள் எல்லார்க்கும் இயலாது; வேண்டுவதும் இல்லை. ஆயினும், ஐந்தாறு ஆண்டுகளேனும் ஒருவர் நிலைத்திருந்தாலன்றி, ஆசிரியரின் நம்பிக்கையும் பெற்றோரின் நம்பிக்கையும் வேரூன்றா. மேலிடங்கள் இதைக் கருத்திற்கொள்ளுதல் நன்று.

நம் பள்ளிகளின் கடமை

கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கிறித்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் தெளிவுறுத்தியது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 796-ஆம் விதி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஆசிரியர்கள் பெற்றோரோடு நெருங்கி ஒத்துழைக்க வேண்டும். அவர்கள் கூறுவதை மனமுவந்து கேட்கவேண்டும். பெற்றோர் கழகங்களோ கூட்டங்களோ அமைத்து, அவற்றை உயர்வாக மதிக்கவேண்டும் என்பதே அதன் கருத்து.

சிறுபான்மையினர் பள்ளிகளைக் கல்வி உரிமைச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு முழுவதும் சரிதானா என்னும் கேள்வி 2025-இல் மீண்டும் எழுப்பப்பட்டு, பெரிய அமர்வின் பார்வைக்கு விடப்பட்டது. வழக்கு எவ்வாறு முடியினும், நமக்கு ஒன்று தெளிவு. நாட்டுச் சட்டம் வற்புறுத்தாத இடத்தும் நம் திருச்சபைச் சட்டம் வற்புறுத்துகிறது. சிறுபான்மை உரிமை என்பது பெற்றோரை வெளியே நிறுத்தும் உரிமையன்று.

செய்யத்தக்கவை சில

பெரும்பொருட்செலவின்றித் தலைமையாசிரியர்கள் செய்யத்தக்கவை பல உள. பெற்றோர் கூட்டத்தை மாதம் ஒருமுறை ஞாயிறு திருப்பலிக்குப் பின்னரோ, வேலை முடிந்த மாலையிலோ வைக்கலாம். ஷிப்ட் வேலை செய்வோருக்கு இருவேறு நேரங்கள் குறிக்கலாம். மதிப்பெண் அட்டையைக் கூட்டத்தின் நடுவில் வாசிக்காமல், பெற்றோரைத் தனித்தனியே அமரவைத்து, பிள்ளையின் திறமை ஒன்றை முதலில் கூறி, குறையைப் பின்னர்க் கூறுமாறு ஆசிரியர்களைப் பழக்கலாம். பிள்ளை நன்றாகச் செய்த நாளிலும் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செல்லட்டும். தமிழறியாத பெற்றோருக்கு அவர்கள் மொழி அறிந்த ஒருவரை உடன் அமர்த்தலாம். பள்ளிக்கு வந்த பணமும் செலவான வகையும் ஆண்டுக்கு ஒருமுறை பெற்றோர் முன் வாசிக்கப்படட்டும்; கணக்கைக் காட்டும் பள்ளியிடம் நன்கொடைக்கு முகம் சுளிப்போர் குறைவு.

பெற்றோருக்கும் ஒரு சொல். குறை சொல்ல மட்டும் பள்ளிக்குச் செல்லாதிருங்கள். ஆசிரியரைப் பிள்ளையின் காதுபட இகழாதிருங்கள். கூட்டத்தின் நேரம் ஒவ்வாது என்றால், வராமல் இருந்துவிடாமல், ஒவ்வும் நேரத்தைக் கேட்டுப் பெறுங்கள். நம் பங்குகளில் அன்பியக் கூட்டங்கள் நடைபெறுகின்றன அன்றோ? அங்கே பள்ளியைப் பற்றியும் பேசுங்கள். படிப்பறிந்த ஒருவர் படிப்பறியாத பெற்றோருக்குத் துணையாகப் பள்ளிக்குச் சென்று வரலாம். அதுவும் பிறரன்புப் பணியே.

வரும் ஜூன் மாதத்தில் மீண்டும் பள்ளிகள் திறக்கும். பிள்ளையின் கைப்பிடித்து வாயில்வரை செல்லும் தாய்தந்தையர் அங்கேயே நின்றுவிடுகின்றனரா, உள்ளே வந்து அமர்கின்றனரா என்பதைக் கொண்டு அப்பள்ளியின் தலைமையை நாம் அளந்துகொள்ளலாம். தலைமையாசிரியர்களே, அவர்களை உள்ளே அழையுங்கள். அழைக்கும் முன், உங்கள் ஆசிரியர்களின் உள்ளத்தை வென்றெடுங்கள். உங்களை நம்பும் ஆசிரியர்களே பெற்றோருக்கு அந்த வாயிலை மனமாரத் திறந்துவிடுவர்.